பதினாலாவது மாத்திரை

அந்த வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால்தான் எல்லாமே இருக்கும். ரேஷன் கார்டு, கரண்டு அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, கோயில் குங்குமப் பொட்டலம். கையை விட்டுத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தேன். பதினாலு கொடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது அப்படியே இருந்தது.

"ஏம்மா, அஞ்சுதான் குடுத்தியா?"

"ரெண்டாம் நாளே நின்னு போச்சு நர்சம்மா. அப்பறமும் மூணு நாளு குடுத்தேன். நின்ன பேதிக்கு எதுக்கு மாத்திர?"

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார் பேச்சில் சேர்ந்துகொண்டார். "பச்சப் புள்ளைக்கி பதினாலு மாத்திரன்னா சூடு ஏறிப்போவும். நாங்கள்லாம் மாசிக்காய ஒரசி ஊத்தித்தான் ஆறு புள்ளைய வளத்தோம்."

"டாக்டர் சொல்லியிருக்காங்க பெரியம்மா, குடுத்துத்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பதில் சொன்ன மாதிரி இருந்ததே தவிர, அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பயிற்சியில் 14 நாள் என்று சொன்னார்கள். நானும் 14 நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நின்ன பேதிக்கு எதுக்கு மாத்திரை? வாய்க்கால் கரை முழுக்க அந்தக் கேள்வி என்கூடவே வந்தது.

காவிரி டெல்டாவில் 34 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு நர்சம்மா. பிரசவம், தடுப்பூசி, எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது என்று ஓடிய வாழ்க்கையில் ஒரு சின்ன மாத்திரையைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைத்தது அந்த வீடுதான். மாத்திரையின் பெயர் ஜிங்க். தமிழில் துத்தநாகம். வாளிக்கும் தகரத்துக்கும் துருப்பிடிக்காமல் முலாம் பூசுகிறார்களே, டார்ச் லைட் செல்லின் சாம்பல் நிற ஓடாக இருக்கிறதே, அதே உலோகம்தான்.

அப்பாவின் வயலும் அதே பெயரும்

அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது சின்ன எழுத்தில் இருந்த பெயர் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. ஜிங்க் சல்பேட்.

எனக்குப் பதினைந்து பதினாறு வயசு இருக்கும். குறுவை நட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பக்கத்து வயலெல்லாம் பச்சை பிடித்து நிற்க, எங்கள் மூணு மா மட்டும் குட்டையாகவே நின்றது. இலையில் துருக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். யூரியா தூவினார் அப்பா. எந்த மாற்றமும் இல்லை. பூச்சி மருந்து அடித்தார், அப்போதும் இல்லை. கடைசியில் வயலுக்கு வந்து பார்த்த விவசாய ஆபீசர், "ஐயா, இது நோயும் இல்ல, பூச்சியும் இல்ல. மண்ணுல ஜிங்க் சத்து கம்மி" என்றார். அடுத்த போகத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து, நடவுக்கு முன்னால் அப்பா விசிறியது நினைவிருக்கிறது. டி.ஏ.பி.யோடு கலக்கக்கூடாது, கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்று அந்த ஆபீசர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

நெல்லில் இந்தக் குறை முதலில் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டது இமயமலை அடிவாரத்துத் தராய் நிலத்தில். அங்கே விவசாயிகள் 'கைரா' என்று பெயரிட்டு, இன்னதென்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்த நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைவுதான் என்று 1966-ல் பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே சொன்னார். தண்ணீர் தேங்கி நிற்கும் நிலத்தில் மண்ணில் இருக்கும் துத்தநாகம்கூட வேருக்கு எட்டாமல் போய்விடும். அதனால்தான் நஞ்சை நிலம் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறது. இந்தியாவில் பரிசோதித்த மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் போதாதவை.

அதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்த அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வயலுக்குப் போட்டதைப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறோம்?

ஷிராஸ் நகரில் ஒரு 'சிறுவன்'

மனுஷ உடம்புக்குத் துத்தநாகம் வேண்டும் என்பதே உலகத்துக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. பூஞ்சைக்கு வேண்டும் என்று 1869-லேயே பிரான்சில் ழூல் ரோலன் கண்டுபிடித்துவிட்டார். பழைய வெங்காயத்தின் தோலில் கரிப்பொடி மாதிரி ஒட்டியிருக்குமே, அந்தக் கறுப்புப் பூஞ்சை, துத்தநாகம் இல்லாவிட்டால் வளராது. எலிக்கு வேண்டும் என்று 1934-ல் தெரிந்தது. பன்றிக்கு வேண்டும் என்பது 1955-ல். மனிதனுக்கு மட்டும் இந்தக் குறை வரவே வராது என்று நினைத்தார்கள். எங்கும் இருக்கிற பொருள், சாப்பாட்டில் எப்படிக் குறையும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தவர் நம் நாட்டுக்காரர். பீகாரில் பக்சாரில் 1928-ல் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்த ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே ஜேம்ஸ் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை இல்லை, பருவம் எய்திய அடையாளம் ஒன்றும் இல்லை, உடம்பில் ரத்தமும் இல்லை. சாப்பாடு என்ன என்று விசாரித்தால், கோதுமை ரொட்டி. அதைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கூடவே தினமும் அரைக்கிலோ அளவுக்குக் களிமண் தின்றுகொண்டிருந்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அடுப்புச் சாம்பலையும் பச்சரிசியையும் சுவற்று மண்ணையும் ஒளித்து ஒளித்துத் தின்னும் கர்ப்பிணிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். ரத்தச்சோகைக்கும் மண் தின்பதற்கும் தொடர்பு உண்டு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிரசாத் அதற்கு மேல் ஒரு படி போனார். இரும்புச் சத்து இல்லாததால் ரத்தம் இல்லை, சரி. வளர்ச்சி ஏன் நின்றது? பருவம் ஏன் வரவில்லை? இரும்புக் குறைவு அதைச் செய்யாதே என்று யோசித்தவருக்கு, விலங்குகளில் வளர்ச்சியை நிறுத்தும் துத்தநாகக் குறைவு ஞாபகம் வந்தது. அதே மாதிரி இன்னும் பத்துப் பேரை அங்கேயே பார்த்தார்கள். 1961-ல் கட்டுரை வெளிவந்தது.

அது அப்போதைக்கு ஊகம்தான். நிரூபித்தது எகிப்தில். கெய்ரோவில் இருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வு நிலையத்தில் இதே மாதிரி வளராமல் நின்றவர்களைச் சேர்த்து, ரத்தத்திலும் முடியிலும் துத்தநாகத்தை அளந்தார்கள். குறைவாகத்தான் இருந்தது. இறைச்சியோடு நல்ல சாப்பாடு மட்டும் சாப்பிட்டவர்களையும் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களையும்விட, துத்தநாகம் சாப்பிட்டவர்கள் வேகமாக வளர்ந்தார்கள். ஒரே வருஷத்தில் ஐந்து ஆறு அங்குலம் உயர்ந்தவர்கள் உண்டு. சில மாதங்களிலேயே பருவ மாற்றம் வந்தது. அப்படியும் பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் தினசரி உணவில் இவ்வளவு துத்தநாகம் வேண்டும் என்று அதிகாரபூர்வமாக எழுதி வைக்க 1974 ஆகிவிட்டது. பிரசாத் 2022 வரை வாழ்ந்தார்.

கால் பவுன் கணக்கு

வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் மொத்தம் எவ்வளவு துத்தநாகம் இருக்கும்? சுமார் 2 கிராம். நம் கணக்கில் கால் பவுன். இரும்பு அதைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு இருக்கும். கால் பவுனில் ஒரு குண்டுமணிக் கம்மல்தான் செய்யலாம். அந்தக் கால் பவுன்தான் தலையிலிருந்து கால்வரை முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகளை வேலை வாங்குகிறது. சாப்பாட்டைச் செரிப்பதில் பங்கு உண்டு. மூச்சில் கரியமில வாயுவை வெளியே தள்ளும் நொதியின் நடுவில் உட்கார்ந்திருப்பதும் இதுதான். புண் ஆறுவதற்கும் நாக்கில் ருசி தெரிவதற்கும்கூட இது வேண்டும்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஓர் உயிரணு இரண்டாக வேண்டுமானால், உள்ளே இருக்கும் மரபுச் சுருளைப் படித்து, இன்ன புரதம் இவ்வளவு செய் என்று உத்தரவு போட ஆள் வேண்டும். அந்த ஆட்களும் புரதங்களே. நூலை விரலால் பிடிப்பதுபோலச் சுருளைப் பிடித்துப் படிக்கும் அந்த 'விரல்' விறைப்பாக நிற்கக் காரணம், அதன் மடிப்பில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு துத்தநாக அணு. 1985-ல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூகும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இதைக் கண்டார்கள். 'துத்தநாக விரல்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆகவே உடம்பில் எங்கெல்லாம் உயிரணு வேகமாகப் பிறக்கிறதோ, அங்கெல்லாம் துத்தநாகக் குறைவு முதலில் அடிக்கும். வளரும் பிள்ளை, தோல், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள், அப்புறம் குடல். குடலின் உள்தோல் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வருஷம் ஒருமுறை யோசிக்கிறோம். குடல் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பூசிக்கொள்கிறது.

இப்போது பேதியைப் பாருங்கள். பேதியில் குடலின் உள்தோல் பிய்ந்துபோகிறது. அதைத் திரும்பக் கட்டத் துத்தநாகம் வேண்டும். அந்தத் துத்தநாகமே பேதியோடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கொத்தனாருக்கு வேலை கூடியிருக்கும் நேரத்தில் சிமெண்டு மூட்டை வெள்ளத்தில் போகிற கதை.

கிடங்கில் எடுத்துக்கொள்ளலாமே என்றால், கிடங்கே கிடையாது. இரும்பு மிஞ்சினால் ஈரலில் சேர்த்து வைக்கும் உடம்பு, துத்தநாகத்தை அப்படிச் சேமித்து வைப்பதில்லை. உள்ள கால் பவுனில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தசையிலும் எலும்பிலும் வேலையாக இருக்கிறது; அவசரத்துக்கு அங்கிருந்து அதிகம் எடுக்க முடியாது. தினமும் வந்தால்தான் உண்டு.

நின்ன பேதிக்கு எதுக்கு மாத்திரை என்ற கேள்விக்கு இதுதான் பதில். இரண்டாம் நாளில் பேதி நின்றுவிடலாம். உள்ளே பூச்சுவேலை முடிந்திருக்காது. போன துத்தநாகமும் திரும்பியிருக்காது. பாதியில் நிறுத்திவிட்டால், அரைகுறையாகப் பூசிய சுவர் அடுத்த மழைக்கே பெயரும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வாரத்துக்குள் திரும்பவும் பேதி வந்தது. ஒரு பிள்ளையை வைத்து இதனால்தான் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் 14 நாளும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி வருவது குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்த பிறகு.

டெல்லியிலிருந்து பாலாடை வரை

அந்த ஆயிரக்கணக்கானவர்களில் முக்கியமான ஒரு கூட்டம் டெல்லிப் பிள்ளைகள். பேதியோடு வந்த 937 குழந்தைகளில் ஒரு பாதிக்குத் துத்தநாகம் சேர்த்தும் இன்னொரு பாதிக்குச் சேர்க்காமலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் சுனில் சசாவல், எம்.கே. பான் குழுவினர். துத்தநாகம் சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பேதி நீடிக்கும் ஆபத்து 23 சதவீதம் குறைந்தது. 1995-ல் வெளிவந்த ஆய்வு அது. பிறகு பங்களாதேஷ் உள்ளிட்ட பல நாடுகளிலும் இதையே பார்த்தார்கள். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாகமும் கொடுங்கள் என்று அறிவித்தன. இந்தியாவில் அதுவே அரசுத் திட்டமானது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை தினமும் 20 மில்லிகிராம், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அதில் பாதி, 14 நாள்.

இருபது மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரு அரிசி மணியின் எடை. ஓர் அரிசி எடைதான் இவ்வளவு வேலை செய்கிறது.

கொடுக்கும் முறையைப் பல வீடுகளில் நானே உட்கார்ந்து காட்டியிருக்கிறேன். மாத்திரையை இடிக்க வேண்டாம், பொடிக்க வேண்டாம். பாலாடையில் போட்டு, சின்னப் பிள்ளையாக இருந்தால் தாய்ப்பாலைப் பீய்ச்சி ஊற்றுங்கள். பெரிய பிள்ளைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். ஒரு நிமிஷத்துக்குள் சலசலவென்று தானே கரைந்துவிடும். கரைந்ததும் புகட்டிவிட வேண்டும். இனிப்பு சேர்த்திருந்தாலும் ஒரு உலோக வாடை இருக்கும், பித்தளைச் சொம்பை நக்கினால் வருமே, அப்படி. சில பிள்ளைகள் வாந்தி எடுக்கும். அதைப் பார்த்துத்தான் பல தாய்மார்கள் நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவிலும் தான்சானியாவிலுமாக 4,500 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. 20-க்குப் பதில் 10 அல்லது 5 மில்லிகிராம் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ அதேதான், வாந்தி குறைவு என்று அதில் தெரிந்தது. நம் தாய்மார்கள் சொன்னது வீண் புகார் இல்லை என்று அன்று எனக்கு ஒரு நிம்மதி. அதற்காக நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள். மருத்துவமனையில் சொன்ன அளவுதான் இப்போதைக்கு அளவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரை ஓ.ஆர்.எஸ்.சுக்குப் பதில் இல்லை. பேதியில் பிள்ளையைக் கொல்வது தண்ணீர் வற்றுவது. முதலில் கரைசல், கூடவே தாய்ப்பாலும் சாப்பாடும், அதோடு மாத்திரை. மலத்தில் ரத்தம் வந்தாலும், பிள்ளை துவண்டு கண் உள்ளே போனாலும், குடிக்கவே மாட்டேன் என்றாலும் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வருவதில்லை

பேதி வந்தால்தான் மாத்திரை. மற்ற நாளுக்குச் சோறுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி ஆணுக்குத் தினம் 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். அமெரிக்காவில் அதே ஆணுக்கு 11-ம் பெண்ணுக்கு 8-ம் போதும் என்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

நாம் தின்பது பெரும்பாலும் தானியமும் பருப்பும் என்பதுதான் காரணம். விதை தன் முளைக்காகப் பாஸ்பரஸைக் கட்டி வைக்கும் முடிச்சுக்குப் பெயர் ஃபைட்டேட். வயிற்றுக்குள் போன பிறகு அந்த முடிச்சு துத்தநாகத்தையும் சேர்த்துக் கட்டி வெளியே கொண்டுபோய்விடும். வயலில் டி.ஏ.பி.யோடு ஜிங்க்கைக் கலக்காதே என்று அப்பாவிடம் அந்த ஆபீசர் சொன்னாரே, குடலுக்குள்ளும் பாஸ்பரஸ் அதே சங்கதியைத்தான் செய்கிறது. அந்த ஷிராஸ் 'சிறுவன்' தின்ற ரொட்டியில் நடந்ததும் அதுவே. புளிக்கவைக்காத மாவு, ஃபைட்டேட் அப்படியே இருந்தது. கோதுமையில் துத்தநாகம் இருந்தும் பையனுக்கு வந்து சேரவில்லை.

முடிச்சை அவிழ்க்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஊறவைத்தால் கொஞ்சம் அவிழும். முளைகட்டினால் இன்னும் அவிழும். புளிக்கவைத்தால் நன்றாகவே அவிழும். ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவும் புளித்த கம்பங்கூழும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரச் சமையல். எந்தப் பாட்டியும் ஃபைட்டேட்டை நினைத்து மாவைப் புளிக்கவைக்கவில்லை. பலன் மட்டும் வந்து சேர்ந்தது.

சோற்றை மட்டும் நம்பக் கூடாது. நூறு கிராம் வெள்ளை அரிசியில் துத்தநாகம் ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். கம்பிலும் கேழ்வரகிலும் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. எள்ளில் 7-க்கு மேல். ஆட்டுக்கறியிலும் ஈரலிலும் இருப்பது நன்றாக உடம்பில் சேரும். கருவாடு, நண்டு, முட்டை எல்லாவற்றிலும் உண்டு. சைவக்காரர்களுக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், எள்ளுருண்டை. பட்டியல் போட்டு எடை பார்த்துச் சாப்பிடச் சொல்லவில்லை. தட்டில் சோற்று மலையும் ரசமும் மட்டும் இருந்தால் வயிறு நிறையும், கால் பவுன் நிறையாது.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அதுவரை தாய்ப்பாலில் வருவது போதும். அதன் பிறகு பாலில் துத்தநாகம் குறைந்துகொண்டே போகும். பிள்ளைக்குத் தேவை கூடிக்கொண்டே போகும். சரியாக அந்த வயதில் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? டீயில் நனைத்த பிஸ்கட். காலை வேளையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் பார்த்த காட்சி இது. ஒரு முட்டையைப் பிசைந்து ஊட்ட ஆகிற நேரம்தான் அந்த பிஸ்கட்டை ஊட்டவும் ஆகிறது.

இந்தக் குறைக்கு முகத்தில் எழுதி ஒட்டிய அடையாளம் கிடையாது. ரத்தச்சோகையென்றால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். துத்தநாகக் குறைவில் பிள்ளை கொஞ்சம் குட்டையாக இருக்கும், அடிக்கடி சளியும் பேதியும் வரும், பசியெடுக்காது, புண் ஆற நாளாகும். இதில் எதையும் 'இதனால்தான்' என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. நாடு முழுக்க 2016-லிருந்து 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில் 19 சதவீதம் பேருக்கும் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 32 சதவீதம் பேருக்கும் துத்தநாகம் குறைவு. பிள்ளைகளைவிடப் பள்ளிக்கூடம் போகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. வளர்த்தி எடுக்கிற வயசு அது.

நெல்லிலேயே துத்தநாகத்தைக் கூட்டவும் முயற்சி நடக்கிறது. பங்களாதேஷ் 2013-ல் அப்படி ஒரு ரகத்தை வெளியிட்டது. 2016-ல் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து டி.ஆர்.ஆர். தான் 45 வந்தது. மண்ணில் இருந்தால் நெல்லுக்கு, நெல்லில் இருந்தால் பிள்ளைக்கு. வயலும் தொட்டிலும் ஒரே கணக்கில்தான் வருகின்றன.

மிஞ்சினால்

கொரோனா சமயத்தில் ஊரே ஜிங்க் மாத்திரை வாங்கியது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், நோய் போய் ஒரு வருஷம் கழித்தும் தினம் 50 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். "சத்துதானேம்மா, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். இருக்காது சார் என்றேன். வளர்ந்தவர்களுக்கு எல்லாம் சேர்த்துத் தினம் 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. நாள்பட அதிகமானால், குடல் செம்பை உள்ளே விடாமல் பிடித்துத் தள்ளிவிடும். செம்பு குறைந்தால் ரத்தச்சோகை வரும், கால் மரத்துப்போகும். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உடம்பில் செம்பு தேங்கிக் கெடுக்கும் பரம்பரை நோய். அவர்களுக்குத் துத்தநாகத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள், செம்பைத் தடுப்பதற்காக. அவ்வளவு சக்தி உள்ளதை மிட்டாய் மாதிரி சாப்பிடலாமா? வாத்தியார் அன்றோடு நிறுத்தினார்.

மறுபடி அந்த வீடு

இரண்டாவது முறை அந்தப் பிள்ளைக்குப் பேதி வந்தபோது நானே மாத்திரையோடு போனேன். இந்தத் தடவை டாக்டரை இழுக்கவில்லை. திண்ணையில் இருந்த மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்க நடவுக்குப் போனவர் அவர்.

"பெரியம்மா, ஜிங்க் கொறஞ்ச வயலப் பாத்துருக்கீங்கள்ல?"

"பாக்காம? செவப்புச் செவப்பா நிக்கும், தூர் கட்டாது."

"அதுக்கு ஜிங்க் போட்டா மறுநாளே பச்ச வந்துருமா?"

"அதெப்படி வரும்? வேர் புடிக்க வேண்டாமா? பத்துப் பதினஞ்சு நாளாவது ஆவாது?"

"இதுவும் அதே ஜிங்க்தான். பேதி வெளியில நின்னுடுச்சு. உள்ள கொடல் வேர் புடிக்கணும். அதுக்குத்தான் பதினாலு நாளு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மென்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ பொண்ணே, அந்த மாத்திரய கண்ணாடிக்குப் பின்னாடி சொருவாத. உப்பு ஜாடி பக்கத்துல வையி, தெனம் கண்ணுல படட்டும்."

பதினைந்தாம் நாள் போனபோது வெறும் அட்டைதான் இருந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் 'டாக்டர் சொல்லியிருக்காங்க' என்று நான் சொன்னதில்லை. காரணத்தைச் சொன்னேன். எல்லா வீட்டிலும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்; முன்னைவிட அதிகம் பேர் கேட்டார்கள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், பேதி வருகிற அன்றே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். காசு கிடையாது. பேதி நின்றாலும் தினமும் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். மாத்திரையைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.